மனைப்பொருளியலின் பின்னால் ஓர் இரசாயனவியலாளர்

மனைப்பொருளியல் என்றதும் சமையல், தையல் என்றே பலரும் நினைக்கின்றனர். கணிதம் வராத பிள்ளைக்கு அந்தப் பாடத்தைக் கொடுக்கலாம் என்று பெற்றோர் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸைப் பற்றி அறிய வேண்டும்.

1842இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த இவர், எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தில் அனுமதி பெற்ற முதல் பெண். கட்டணம் அறவிடாமலே சேர்த்துக்கொண்டார்கள். தனது வறுமைக்காகத் தந்த சலுகை என்றே அவர் எண்ணினார். உண்மையில், யாராவது கேள்வி கேட்டால் இவர் மாணவியே அல்ல என்று சொல்லித் தப்புவதற்கான ஏற்பாடு அது! 1873இல் இரசாயனவியலில் பட்டம் பெற்றார். 1876இல் அங்கு பெண்களுக்கென ஆய்வுகூடம் திறக்கப்பட்டபோது சம்பளமின்றிக் கற்பித்தார்.

1887இல் தொடங்கிய மாநில நீர் ஆய்வில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பரிசோதித்தார். குளோரைட்டின் அளவை வைத்து, எந்த நீரில் கழிவு கலந்திருக்கிறது என்று கண்டறிய உதவும் வரைபடம் அதில் உருவானது. அந்தக் கண்ணோடுதான் அவர் அடுப்படியையும் பார்த்தார்.

1890இல் பொஸ்டனில் தொழிலாளர் குடும்பங்களுக்காக, குறைந்த விலையில் சத்துணவு விற்கும் சமையற்கூடம் தொடங்கினார். குடியேறிகள் பலருக்கு அந்தச் சுவை பிடிக்கவில்லை. (ஊர் ருசியை ஆய்வுகூடம் மாற்றிவிடுமா என்ன?) ஆனால் 1894 முதல் நகரின் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு மதிய உணவு அங்கிருந்தே போனது.

1899இல் லேக் பிளாசிட்டில் கூடிய சிறு குழுதான் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டியது. 1908இன் இறுதியில் உருவான அமெரிக்க மனைப்பொருளியல் சங்கத்தின் முதல் தலைவரும் இவரே. எனினும் 1911இல் மரணிக்கும் வரை, எம்.ஐ.டி.யில் அவர் சுகாதார இரசாயனவியல் போதனாசிரியராகவே இருந்தார். பேராசிரியர் பதவி கிடைக்கவேயில்லை.