வேலு நாச்சியார் சரிதம்

மகளிர் படைக்கலம் ஏந்திப் போர்முனை செல்லுதல் தகுமோ என்னும் வினா இந்நாளில் நம் இல்லங்களிலும் எழுகின்றது. இதற்கு விடை காண விழையும் நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் சிவகங்கை அரசி வேலு நாச்சியாரின் வரலாற்றைச் சிந்தித்தல் நலமென்று எண்ணி, அதனை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

அம்மையார் 1730ஆம் ஆண்டில் இராமநாதபுரம் செல்லமுத்து சேதுபதியின் புதல்வியாய்த் தோன்றினார். ஆண்மகவு இல்லாத அவ்வரண்மனையில் அரசிளங்குமரனுக்குரிய பயிற்சி யாவும் இப்பெண்மகவுக்கே அளிக்கப்பட்டன. வாளும் வில்லும் சிலம்பமும் குதிரையேற்றமும் பயின்று, பிற மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார். பின்னர்ச் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை மணந்து, வெள்ளச்சி என்னும் மகளை ஈன்றார்.

1772ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினிப் படையும் ஒருங்கே சிவகங்கையைத் தாக்கின. காளையார்கோவிலில் மன்னர் மாண்டார். கணவரையும் நாட்டையும் இழந்த அம்மையார், மகளை அழைத்துக்கொண்டு, அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் துணைவர, திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியை அடைந்தார். நம் கம்பமும் அந்நாளில் திண்டுக்கல் சீமைப் பாளையங்களுள் ஒன்றேயாம். ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலதன்று.

ஆங்கு எட்டாண்டுகள் அம்மையார் வாளாவிருந்தாரல்லர். மைசூர் ஹைதர் அலியின் துணையை நாடிப் பெற்றார், படை திரட்டினார், 1780ஆம் ஆண்டில் சிவகங்கையை மீட்டு அரசு கட்டிலேறினார். அவர் சேனையில் மகளிர் படையும் இருந்ததென்றும், குயிலி என்பாள் தன் உடலில் தீயிட்டுப் பகைவரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாளென்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அம்மையார் 1796ஆம் ஆண்டில் காலமானார்.

நிற்க. பெண்டிர் மெல்லியர், மகப்பேறு உடையர், பகைவர் கைப்படின் பெருந்துன்பம் உறுவர் என்று மறுப்போர் உளர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் நாச்சியாரும் ஒரு மகவின் தாயே. அவர் வென்றது தெய்வ வரத்தாலன்று. இளமையில் பெற்ற பயிற்சியாலென்க. பயிற்சியை மறுத்துவிட்டுப் பின்னர்த் தகுதியில்லை என்று கூறுதல் நீதியாமோ? ஆண் பெண் இருபாலார்க்கும் ஒரே சோதனை வைத்து, தேறியவரை ஏற்று, தேறாதவரை விலக்குதலே முறையாகும்.

1943ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சிராணிப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்த தமிழ்ப்பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றனர். 2016ஆம் ஆண்டில் நம் விமானப்படையில் மூன்று பெண்கள் போர்விமானிகளாயினர். 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியுரிமை வழங்கியது; எனினும் நேர்ப்போர்ப் பிரிவுகளை அத்தீர்ப்பு தொடவில்லை. 2022ஆம் ஆண்டில் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பெண்கள் முதன்முறையாகச் சேர்ந்தனர். அவர்களுள் பதினெழுவர் 2025ஆம் ஆண்டில் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

போர் கொடிது, அதனை நாம் புகழ்வேமல்லேம். விருப்பமில்லாத பெண்ணை அதற்குத் தூண்டுதலும் தகாது. ஆனால் நம் இல்லத்துப் பெண்ணொருத்தி தேசிய மாணவர் படையிற் சேரவோ, படைத்துறைத் தேர்வு எழுதவோ விழைந்தால், பெண்ணென்னும் காரணம் ஒன்றையே கூறிப் பெற்றோர் தடுத்தல் வேண்டா. சேதுபதியின் அரண்மனையில் ஒரு பெண்மகவின் கையில் வாள் கொடுக்கப்பட்டமையாலன்றோ சிவகங்கை மீண்டது! ஆகலின் இவ்வினாவிற்கு முதல் விடை போர்க்களத்திலன்று, பெற்றோர் மனையிலேயே பிறக்கின்றது என்பதை நம் குடும்பத்தார் உள்ளத்திற் கொள்வாராக.