விறகு விற்றவர் வெள்ளை மாளிகைக்குப் போன கதை: ஜெனரல் கிராண்ட் போரில் ஜெயித்தார்... அரசியலில்?

அமெரிக்காவின் 50 டாலர் நோட்டைப் பார்த்திருந்தால் அந்தத் தாடிக்காரரின் முகம் நினைவிருக்கும். அவர் யுலிசிஸ் எஸ். கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்று கொடுத்த தளபதி. பிறகு 8 ஆண்டுகள் அந்நாட்டின் அதிபர். இன்று பண நோட்டில் முகம் இருக்கும் இந்த மனிதர், 1884 மே மாதத்தில் ஒருநாள் கணக்குப் பார்த்தபோது கையில் இருந்தது 80 டாலர். மனைவியிடம் 130 டாலர். அவ்வளவுதான் மொத்த சொத்து!

நாட்டையே ஆண்டவருக்கு எப்படி இந்த நிலை வந்தது?

பெயரே தப்பு!

1822-ல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். மகனுக்கு அந்த வாடையே ஆகாது. குதிரைகள் என்றால் மட்டும் உயிர். வீட்டில் வைத்த பெயர் ஹிராம் யுலிசிஸ் கிராண்ட். வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமிக்குச் சிபாரிசு செய்த எம்.பி. விண்ணப்பத்தில் தவறுதலாக யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட, அதுவே நிலைத்துவிட்டது. அந்த 'எஸ்' என்ற இனிஷியலுக்கு விரிவாக்கமே கிடையாது.

படிப்பில் சுமார்தான். 39 பேர் வகுப்பில் 21-வது இடம். மெக்சிகோ போரில் நன்றாகவே பணியாற்றினார். ஆனால் அமைதிக் காலம் அவருக்கு ஒத்துவரவில்லை. மனைவி ஜூலியாவையும் குழந்தைகளையும் விட்டு கலிஃபோர்னியாவில் ஒரு மூலை முகாமில் கிடந்தபோது தனிமை வாட்டியது. குடிக்கிறார் என்ற பேச்சு கிளம்பியது. 1854-ல் வேலையை ராஜினாமா செய்தார்.

ஊர் திரும்பும் வழியில் நியூயார்க்கில் ஓட்டல் பில் கட்டக்கூட காசில்லை. அப்போது கைகொடுத்தவர் வெஸ்ட் பாயிண்ட் நண்பர் சைமன் பக்னர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த 7 வருஷம் தோல்விமேல் தோல்வி. விவசாயம் படுத்துவிட்டது. பழைய ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றார். வாடகை வசூல் வேலையும் சரிவரவில்லை. இந்தக் கஷ்டத்திலும் ஒன்று செய்தார். மாமனார் வீட்டு வழியில் அவரிடம் வந்து சேர்ந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை 1859-ல் விடுதலை செய்தார். விற்றிருந்தால் நல்ல தொகை கிடைத்திருக்கும். கடன் இருந்தும் விற்கவில்லை.

1860-ல் கலீனா என்ற சிற்றூரில் அப்பாவின் தோல் கடையில் தம்பிகளோடு வேலைக்குச் சேர்ந்தார். வயது 38.

4 ஆண்டுகளில் தலைகீழ்

1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 11 தென் மாநிலங்கள் தனி நாடு என்று பிரிந்தன. பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்குப் பஞ்சம் என்பதால் கிராண்டுக்கு ஒரு படைப்பிரிவு கிடைத்தது.

1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையை அவர் வளைத்தபோது, நிபந்தனையற்ற சரணடைவைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று சொல்லியனுப்பினார். கோட்டையில் இருந்த எதிரித் தளபதி யார் தெரியுமா? அதே பக்னர்! கடமையில் நட்பு பார்க்கவில்லை கிராண்ட். சரணடைந்த பிறகு, செலவுக்கு வைத்துக்கொள் என்று தன் பர்ஸை நண்பரிடம் நீட்டினார் என்று சொல்வார்கள்.

1863 ஜூலை 4-ல் விக்ஸ்பர்க் விழுந்தது. மிசிசிபி நதி முழுக்க வடக்கின் கைக்கு வந்தது. 1864-ல் அதிபர் லிங்கன் ஒட்டுமொத்த ராணுவத்தையும் அவரிடம் ஒப்படைத்தார். மற்ற தளபதிகள் ஒரு சண்டையில் அடிபட்டால் பின்வாங்கினார்கள். கிராண்ட் அடிபட்டாலும் முன்னேதான் போனார். அதற்கு ஆயிரக்கணக்கான உயிர்கள் விலையாயின. கோல்ட் ஹார்பரில் உத்தரவிட்ட கடைசித் தாக்குதலை நினைத்துக் கடைசிவரை வருந்தினார்.

போரில் அவருக்கு இன்னொரு கறையும் உண்டு. 1862 டிசம்பரில் தன் அதிகார எல்லையிலிருந்து யூதர்களை வெளியேற்ற உத்தரவு போட்டார். லிங்கன் அதை ரத்து செய்தார்.

1865 ஏப்ரல் 9. அப்போமாட்டக்ஸ் கிராமத்தில் ஒரு வீட்டின் வரவேற்பறை. தென் தரப்புத் தளபதி ராபர்ட் லீ முழுச் சீருடையில் வந்து சரணடைந்தார். கிராண்ட் சேறு படிந்த உடையில் இருந்தார். யாரும் சிறை போக வேண்டாம், ஊருக்குத் திரும்பலாம், சொந்தக் குதிரைகளை உழவுக்குக் கொண்டுபோகலாம் என்று நிபந்தனை எழுதினார். பசியில் இருந்த எதிரிப் படைக்குச் சாப்பாடும் அனுப்பினார். வெற்றி கொண்டாட்டத்துக்காகப் பீரங்கி வெடிப்பதையும் நிறுத்தச் சொன்னார்.

வாக்குச்சீட்டும் துப்பாக்கியும்

போர் முடிந்த ஐந்தாம் நாள் லிங்கன் சுடப்பட்டார். பின்னால் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் தெற்கின் பழைய முதலாளிகளுக்கு வளைந்துகொடுக்க, கிராண்ட் அரசியலுக்குள் இழுக்கப்பட்டார். 1868-ல் 46 வயதில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவரை யாரும் அவ்வளவு இளம் வயதில் அதிபரானதில்லை. அந்தத் தேர்தலில் தெற்கில் புதிதாக ஓட்டுரிமை பெற்ற கறுப்பின ஆண்கள் லட்சக்கணக்கில் அவருக்கு வாக்களித்தார்கள்.

அந்தக் கடனை அவர் மறக்கவில்லை. நிறத்தின் அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-வது அரசியல் சட்டத் திருத்தம் 1870-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஹிராம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டராகப் பதவியேற்றார்.

ஓட்டுப் போடப் போனவர்களை கூ க்ளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கும்பல் இரவில் வந்து அடித்தது, கொன்றது. உள்ளூர் ஜூரிகள் குற்றவாளிகளைத் தண்டிக்கவே மாட்டார்கள். 1871-ல் இதற்கென்றே ஒரு மத்தியச் சட்டம் கொண்டுவந்தார் கிராண்ட். தெற்கு கரோலினாவின் 9 மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, ராணுவத்தை அனுப்பிக் கைது செய்யவைத்தார். புதிதாக உருவான நீதித்துறை ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் போட்டது. கிளான் அப்போதைக்கு நொறுங்கிப்போனது.

அவரைத் தோற்றுப்போன அதிபர் என்று பல தலைமுறையாக எழுதியவர்கள் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப்போனார்கள் என்பதுதான் வேடிக்கை.

கூட இருந்தவர்கள்

சரி, எங்கே சறுக்கினார்? ஆட்களை நம்பும் விஷயத்தில்.

போர்க்களத்தில் ஷெர்மன், ஷெரிடன் போன்றவர்களை முழுசாக நம்பினார், அவர்கள் ஏமாற்றவில்லை. அதே பழக்கத்தோடு வாஷிங்டனுக்கு வந்தார். 1869-ல் ஜே கௌல்ட், ஜிம் ஃபிஸ்க் என்ற இரு வியாபாரிகள் தங்கச் சந்தையையே வளைத்துப்போட முயன்றபோது, அதிபரை நெருங்க அவர்கள் பிடித்த ஆள் கிராண்டின் சகோதரி கணவர். விஷயம் புரிந்ததும் அரசுத் தங்கத்தைச் சந்தையில் இறக்கி விலையை உடைத்தார். ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

1875-ல் விஸ்கி ஊழல். மதுபான ஆலைகளும் வரி அதிகாரிகளும் கைகோத்துக்கொண்டு அரசு வரியைச் சுருட்டியிருந்தார்கள். விசாரணை நீண்டு அதிபரின் அந்தரங்கச் செயலாளர் பேப்காக் வரை வந்தது. போர்க்காலத்து உதவியாளர் அவர். கிராண்ட் வெள்ளை மாளிகையில் இருந்தபடியே அவருக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். பேப்காக் தப்பினார். 1876-ல் போர்த்துறை அமைச்சர் பெல்நாப் லஞ்சப் புகாரில் ராஜினாமா கொண்டுவந்தபோது, கிராண்ட் உடனே ஏற்றுக்கொண்டார். கிராண்ட் தானே காசு வாங்கினார் என்று யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் ஒரு தலைவருக்கு அது போதுமா?

1873-ல் வந்த பொருளாதாரச் சரிவு மக்களின் கவனத்தைத் திருப்பியது. வட மாநிலத்துக்காரர்களுக்குத் தெற்கின் பிரச்சினை அலுத்துவிட்டது. 1875-ல் மிசிசிபியில் கறுப்பின வாக்காளர்களை மிரட்டித் தேர்தல் நடந்தபோது, ஆளுநர் ராணுவம் கேட்டும் கிராண்ட் அனுப்பவில்லை. ஜெனரல் பின்வாங்கிய இடம் இதுதான். அவர் பதவி விலகிய 1877-லேயே தெற்கில் அந்த அரசுகளுக்கான ராணுவப் பாதுகாப்பு விலக்கப்பட்டது.

கடைசிச் சண்டை

பதவி முடிந்து மனைவியோடு இரண்டரை வருஷம் உலகம் சுற்றினார். 1879-ல் இந்தியாவுக்கும் வந்து தாஜ்மகாலைப் பார்த்தார். 1880-ல் மூன்றாம் முறை அதிபராக முயன்று, 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு கட்சி வேட்பாளர் வாய்ப்பை கார்ஃபீல்டிடம் இழந்தார்.

பிறகு நியூயார்க்கில் மகனோடு சேர்ந்து ஒரு நிதி நிறுவனத்தில் பங்குதாரர். நடத்தியவர் ஃபெர்டினாண்ட் வார்டு என்ற இளைஞர். வார்டு ஒரே பத்திரத்தைப் பல இடங்களில் அடமானம் வைத்தார். புதிதாக வந்த பணத்தில் பழையவர்களுக்கு லாபம் கொடுத்தார். நம்மூர் நிதி நிறுவன மோசடி மாதிரியேதான். நீட்டிய கடிதங்களில் கிராண்ட் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். 1884 மே மாதம் எல்லாம் சரிந்தது. சரிவுக்கு இரண்டு நாள் முன்பு வார்டு கேட்டதற்காக வாண்டர்பில்ட்டிடம் கிராண்ட் வாங்கிக் கொடுத்த 1,50,000 டாலர் கடன் வேறு. அதற்கு ஈடாகப் போர் வாள்களையும் பதக்கங்களையும் கொடுத்தார். அன்று முன்னாள் அதிபருக்கு ஓய்வூதியம் கிடையாது. அதிபராவதற்காக ராணுவ ஓய்வூதியத்தையும் விட்டிருந்தார்.

அதே ஆண்டு தொண்டையில் வலி. புற்றுநோய் என்றார்கள். தான் போனபிறகு ஜூலியா என்ன செய்வாள்? அதற்கு முன்பு பத்திரிகைக்குப் போர் கட்டுரைகள் எழுதத் தொடங்கியிருந்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன், தன் பதிப்பகத்துக்கு நினைவுக்குறிப்புகளை எழுதித் தரச் சொல்லி, லாபத்தில் பெரும்பங்கு தருவதாக ஒப்பந்தம் போட்டார்.

விழுங்கக்கூட முடியாத வேதனை. குரல் போனபிறகு துண்டுச்சீட்டில் எழுதிப் பேசினார். போர்வையைச் சுற்றிக்கொண்டு மலை மேல் ஒரு வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். போரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், அதிபராக இருந்த 8 ஆண்டுகளைப் பற்றி அநேகமாக எதுவுமே எழுதவில்லை.

1885 ஜூலையில் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். சைமன் பக்னர். பேச முடியாத கிராண்ட் பென்சிலில் எழுதிக் காட்ட, பழைய நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். கையெழுத்துப் பிரதி முடிந்த சில நாள்களில், ஜூலை 23 அன்று, 63 வயதில் கிராண்ட் இறந்தார். இரண்டு பாகங்களும் 3 லட்சம் செட் விற்றன. ஜூலியாவுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

ஆகஸ்ட் 8 அன்று நியூயார்க்கில் இறுதி ஊர்வலம். சவப்பெட்டிக்கு மரியாதை செலுத்திப் போனவர்களில் ஷெர்மனும் ஷெரிடனும் இருந்தார்கள். அவர்களோடு, ஒருகாலத்தில் எதிரிப் படையை நடத்திய ஜோசப் ஜான்ஸ்டனும் பக்னரும் நடந்தார்கள்.