அஞ்சலில் சேராத கடிதங்கள்

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்) அவர்களை அரசியல் தலைவராகவும், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி மந்திரியாகவும் நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். அன்னார் 1888-ல் புனித மக்காவில் பிறந்த ஆலிம் என்பதையும், 'தர்ஜுமானுல் குர்ஆன்' எழுதியவர்கள் என்பதையும் பெரியவர்கள் அறிவார்கள். அவர்களின் சிறைவாசத்தைப் பற்றித்தான் நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

1942 ஆகஸ்ட் 9-ம் நாள் விடியற்காலையில் அவர்களைப் பம்பாயில் கைது செய்தார்கள். நேரு, பட்டேல், ஆஸப் அலி, ஸையித் மஹ்மூது முதலானோருடன் அன்றே அஹ்மத்நகர் கோட்டைக்குக் கொண்டு சென்றார்கள். முன்னாளில் சாந்த் பீபி முற்றுகையை எதிர்த்து நின்று காத்த கோட்டை அது. மௌலானாவுக்கு இது ஆறாவது சிறைவாசம். அப்போது வயது 53. கழிந்த ஆயுளைக் கணக்கிட்டுப் பார்த்து, ஏழில் ஒரு பங்கு சிறையிலேயே போயிருக்கிறது, தவ்ராத்தில் ஏழாம் நாள் ஓய்வுநாளானது போல என்று எண்ணிக்கொண்டார்கள்.

முதலில் சில வாரங்கள் பத்திரிகையும் இல்லை, கடிதமும் இல்லை. வெளியுலகோடு எந்தத் தொடர்பும் இருக்கலாகாது என்பதில் சர்க்கார் எவ்வளவு கண்டிப்பாக இருந்ததென்றால், வெளியிலிருந்து சம்பளத்துக்கு வந்த சமையற்காரரும் செய்தியைக் கடத்திவிடுவார் என்று பயந்து அவரைத் திரும்பிப் போகவிடவில்லை. பாவம், சமைக்க வந்தவர் கைதியாகிப் போனார்! பின்னர் பத்திரிகை வந்தது. நெருங்கிய உறவினருக்குக் கடிதம் எழுதவும் அனுமதி கிடைத்தது. ஆனால் சிநேகிதர் உறவினராவாரா?

மௌலானாவின் நெடுநாளைய சிநேகிதர் நவாப் ஸதர் யார் ஜங் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானி அவர்கள். அலிகரைச் சேர்ந்த ஆலிம், பெரும் நூல் சேகரிப்பாளர், ஹைதராபாத் சமஸ்தானத்தில் மார்க்க இலாகாவின் தலைமைப் பதவி வகித்தவர்கள். அரசியலில் இருவரும் ஒரே பாதையில் நடந்தவர்களல்லர். கித்தாபும் கவிதையும் மார்க்க ஞானமுமே அவர்களைச் சேர்த்து வைத்திருந்தன. அனுப்ப வழியில்லை என்று தெரிந்தே மௌலானா இவருக்குக் கடிதம் எழுதலானார்கள். கடிதம் பாதிச் சந்திப்பு என்பது அரபிகளிடம் வழங்கும் சொல். இங்கே அந்தப் பாதியும் ஒரு பக்கத்தோடு நின்றது. 1945 ஜூன் 15-ல் விடுதலையான பிறகு, 1946-ல் அவை 'குபாரே காத்திர்' என்ற பெயரில் கித்தாபாக வெளிவந்தன. தபால் சுலபமாக இருந்தும் மாதக்கணக்கில் பதில் எழுதாத என் போன்றவர்களுக்கு அதை ஓதும்போது வெட்கமாக இருக்கும்.

மௌலானா பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கே எழுந்துவிடுவார்கள். எல்லோரும் உறங்கும் அந்த வேளையில் தம் கையாலேயே தேநீர் தயாரிப்பார்கள். மல்லிகை மணமுள்ள சீனத் தேயிலை, பால் சேர்ப்பதில்லை. நாம் பால் விட்டுக் குடிப்பதை அவர்கள் தேநீர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை! பிறகு எழுத உட்காருவார்கள். அறையில் கூடு கட்டித் தொல்லை கொடுத்த சிட்டுக்குருவிகளை முதலில் விரட்டப் பார்த்தார்கள். முடியாமற்போகவே சமாதானமாகி அரிசி தூவினார்கள். நாளடைவில் உள்ளங்கையிலேயே வந்து கொத்தின. அவற்றில் ஒன்றுக்கு கலந்தர், ஒன்றுக்கு முல்லா என்று பெயரும் வைத்தார்கள்.

1943-ல் கல்கத்தாவில் மனைவி ஜுலைகா பேகம் கடும் நோயுற்றிருக்கும் செய்தி வந்தது. அவர்களைப் போய்ப் பார்ப்பது சம்பந்தமாக ஏதும் சொல்வதாயிருந்தால் மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சிறை அதிகாரி முன்வந்தார். சர்க்காரிடம் எதையும் கேட்க மௌலானா விரும்பவில்லை. ஒவ்வொரு நாளும் நண்பகலில் அதிகாரி பத்திரிகையோடு வருவார். காலடி ஓசை கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் வாசலுக்கு முதுகு காட்டி எழுதிக்கொண்டே இருப்பார்கள். அவர் உள்ளே வந்ததும் புன்னகையோடு மேஜைமேல் வைக்கும்படி சைகை காட்டுவார்கள். இதெல்லாம் வெளிவேஷமே என்பதைச் சிநேகிதருக்கு எழுதிய கடிதத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஸபர் என்றால் நெஞ்சு துடிக்காமலிருப்பது என்று நினைப்பவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 9-ம் நாள் பகல் இரண்டு மணிக்கு வஃபாத்துச் செய்தி தந்தியாக வந்தது. 36 ஆண்டு இல்லறம் முடிந்தது. மூன்று மாதம் கழித்துச் சகோதரியும் போபாலில் வஃபாத்தானார்கள். கோட்டை வளாகத்தில் யாருடையதென்று தெரியாத பழைய கப்று ஒன்று இருந்தது. நூற்றுக்கணக்கான தடவை பார்த்த அந்தக் கப்றை அன்று முதல் வேறு கண்ணோடு பார்க்கலானார்கள்.

விடுதலையாகி ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியபோது பெருங்கூட்டம் வரவேற்றது. வீட்டுக்குப் புறப்படும் சமயம், 1942-ல் தம்மை வழியனுப்ப மனைவி வாசல்வரை வந்து நின்றது நினைவுக்கு வந்தது. காரைக் கபுறுஸ்தானுக்குத் திருப்பச் சொன்னார்கள். காரில் குவிந்திருந்த மாலைகளில் ஒன்றை எடுத்துக் கப்றின் மீது வைத்து, மௌனமாக ஃபாத்திஹா ஓதினார்கள். பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள்.