மலாயா கணபதி: கூட்டுச் சங்கத்தைக் கட்டியவர்

மலாயா கணபதி தூக்கிலிடப்பட்ட கதை நம்மில் பலருக்குத் தெரியும். அவர் தலைமை தாங்கிய சங்கம் ஏன் ஒழிக்கப்பட்டது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் 1912இல் பிறந்த எஸ்.ஏ.கணபதி, சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்து அங்குதான் வளர்ந்தார். ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தார். போர் முடிந்ததும் தொழிற்சங்கத்தில் இறங்கினார்.

அன்றைய நிலவரம் இதுதான். பால்மரம் வெட்டுபவர் இங்கே. ரப்பர் விலை முடிவானது லண்டனிலும் நியூயார்க்கிலும். கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு போன்ற நிறுவனங்களின் கையில் நாடு முழுக்கத் தோட்டங்கள் இருந்தன. போரில் நொடித்துப் போயிருந்த பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரை அள்ளிக் கொடுத்தது மலாயா ரப்பர். விலை இறங்கினால் முதலில் குறைந்தது கூலி. ஒரு தோட்டத்து ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் பால் இறங்கிக்கொண்டே இருக்கும். துரைமார்களுக்குச் சங்கம் இருந்தது. தொழிலாளிக்கோ அவரவர் லயம்தான்.

இந்த இடைவெளியை நிரப்பியது அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம். துறைமுகம், ரயில்வே, சுரங்கம், தோட்டம் என எல்லாத் தொழிலும், தமிழர், சீனர், மலாய்க்காரர் என எல்லா இனமும் அதில் இருந்தன. கணபதி 1947இல் அதன் தலைவரானார். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். எட்டு மணி நேர வேலையும், ஒரே வேலைக்கு ஒரே கூலியும் கோரிக்கைகளில் முதன்மையானவை. சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்று தோட்டங்களில் நெடுங்காலம் நடந்த வழக்கத்துக்கு நேரான சவால் அது.

சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு வலுவாக இருந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1948 ஜூனில் வந்த சட்டத் திருத்தம் கட்சியோடு நிற்கவில்லை. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டு சேரலாம் என்றது. சங்க நிர்வாகிக்கு அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்றது. துறைமுகத் தொழிலாளியும் பால்வெட்டுத் தொழிலாளியும் ஒரே சம்மேளனத்தில் இருக்க முடியாது என்றானது. சம்மேளனம் கலைந்தது. சில நாளில், ஜூன் 18இல், அவசரகாலம் பிரகடனம் ஆனது.

1949 மார்ச் 1. ரவாங் அருகே கணபதி கைதானார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதைக் கண்டெடுத்துப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை, மார்ச் 15இல் மரண தண்டனை. நேருவின் அரசு கருணை கேட்டது. மலாயாவில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த ஜான் திவியும் முயன்றார். பலிக்கவில்லை. மே 4இல் புடு சிறையில் தூக்கு. முந்தின நாள்தான் சிங்கப்பூர் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ஆயுத வழக்கில் ஜோகூரில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம், 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பால் விடுதலையானார். கணபதிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கைதுக்கும் தூக்குக்கும் இடையே 64 நாள்தான்.

தோட்டத் தொழிலாளருக்கு நாடு தழுவிய ஒரே சங்கம் 1954இல் மறுபடி அமைந்தது. அதில் இருந்தவர்கள் தோட்டத்து ஆட்கள் மட்டுமே.