பிழையை ஆசானாகக் கொண்டவர்

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகை உறுப்புக்களையுடைய படையினைக் காய்களாக வைத்து ஆடப்படுதலிற் சதுரங்கம் என்னும் பெயர் எய்திற்று. பாரத நாட்டிலே தோன்றிய இவ்வாட்டம் பாரசீகரிடமும் அராபியரிடமும் சென்று, அவர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அங்கே அது நெடுங்காலம் பிரபுக்களின் மாளிகைகளிலும் கோப்பிக் கடைகளிலும் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. பிறவியிலேயே அமைந்த கூரிய மதியுடையார்க்கன்றி ஏனையோர்க்கு அதிற் சிறப்பெய்தல் இயலாது என்று பலரும் எண்ணினர். அவ்வெண்ணத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் மறுத்து நின்றவர் ஒருவர் உளர். அவரே இருபதாம் நூற்றாண்டின் சதுரங்க உலகைப் பல்லாண்டுகள் ஆண்ட மிகயில் பொட்வினிக் ஆவர். ஓர் இலக்கணத்தைப் போலவும் ஒரு விஞ்ஞானத்தைப் போலவும் ஒழுங்குபெறக் கற்றற்குரியது சதுரங்கம் என்பது அவர் கொள்கை. அவர் கற்ற முறை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. சதுரங்கம் அறியாதாரும் அம்முறையாற் பயன் பெறலாம்.

பொட்வினிக் 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆந் திகதி, ருஷ்ய நாட்டுப் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தை அடுத்த குவோக்கலா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் செயற்கைப் பற்கள் அமைக்குந் தொழிலர். தாயார் பல் வைத்தியர். சதுரங்கத்தில் மேதைகள் எனப்பட்டோர் பெரும்பாலும் நான்கு ஐந்து வயதிலேயே காய்களைக் கையில் எடுத்தவர்கள். பொட்வினிக்கோ பன்னிரண்டு வயதளவில், தமையனின் தோழன் ஒருவன் காட்டிக் கொடுக்கவே, ஆட்டத்தின் விதிகளை அறிந்தார். பிந்தித் தொடங்கினாரெனினும் விரைந்து முன்னேறினார். 1925ஆம் ஆண்டில், அக்காலத்து உலகச் சம்பியனாகிய கப்பபிளாங்கா லெனின்கிராட் நகருக்கு வந்து பலருடன் ஒருங்கே ஆடியபோது, எதிர்த்து ஆடியவருள் ஒருவராய் அமர்ந்த பதினான்கு வயதுச் சிறுவர் பொட்வினிக் அவரை வென்றார். 1931இல், இருபதாம் வயதில், சோவியத் நாட்டின் சம்பியனானார்.

இவ்வெற்றிகளுக்கிடையே அவர் மின்பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றார். பொறியியலாளர் தொழிலை அவர் பின்னரும் கைவிட்டிலர். பகலெல்லாம் சதுரங்கப் பலகையின் முன்னிருத்தற்கு அவருக்கு ஓய்வு கிடையாது. ஆகவே, கிடைக்குஞ் சிறுபொழுதை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் வினா அவர்முன் எழுந்தது. அவ்வினாவுக்கு அவர் கண்ட விடையே அவர்தம் பயிற்சிமுறை. 1933இல் செக்கோஸ்லாவாக்கியா நாட்டுப் புளோர் என்னும் பெருவீரருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆட நேர்ந்தபோது, அவர் முன்னர் ஆடிய ஆட்டங்களைத் திரட்டி ஆராய்ந்து, எதிரியின் பழக்கங்களை அறிந்த பின்னரே களம் புகுந்தார். முதற் பாதியிற் பின்தங்கி நின்றும், முடிவில் இருவரும் சமநிலை எய்தினர்.

அடுத்து, 1934ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்திலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரிலே நடந்த சுற்றுப்போட்டிக்குச் சென்றார். நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து, ஓய்வு கொள்ளாது ஆடத் தொடங்கினார். ஐந்தாம் ஆறாம் இடங்களையே மற்றொருவருடன் பகிர்ந்தார். பிறர் இதனை ஊழ்வினை என்று விடுத்திருப்பர். பொட்வினிக் காரணத்தை ஆராய்ந்தார். புதிய நாட்டின் காற்றுக்கும் உணவுக்கும் நேரத்துக்கும் உடல் இயைதற்குச் சில நாட்கள் வேண்டும் என முடிவு செய்து, பின்னர் அதனை விதியாகக் கொண்டார். 1936இல் நொட்டிங்காம் நகரிற் கூடிய பெரும் போட்டியிலே, ஓர் ஆட்டத்திலேனும் தோலாது, கப்பபிளாங்காவுடன் முதலிடத்தைப் பகிர்ந்து கொண்டார்.

தாம் கண்ட முறைகளை அவர் 1939ஆம் ஆண்டளவில் எழுதியும் வெளியிட்டார். எதிரிகளும் படித்துப் பயன்பெறுவர் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார் என்பது நோக்கற்பாலது. அம்முறையின் சாரத்தை இவ்வாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவது உடல்நலம். ஐந்து மணி நேரம் அசையாதிருந்து சிந்தித்தற்கு உறுதியான உடல் வேண்டும். ஆதலால் அவர் உடற்பயிற்சியை இளமை தொட்டே தவறாது செய்தார். பெரிய போட்டிக்கு முன்னே இரண்டு மூன்று வாரம் நகரத்தை நீங்கித் தூய காற்றுள்ள நாட்டுப்புறத்தில் வாழ்ந்தார்.

இரண்டாவது நூற்பயிற்சி. புதிதாக வெளிவந்த ஆட்டங்களைப் படித்துக் குறிப்பெடுத்து, போட்டிக்கு வருவோர் ஒவ்வொருவரின் ஆட்டங்களையும் தனித்தனியே ஆராய்வார். ஆட்டத்தின் தொடக்க முறைகளோ எண்ணிறந்தன. அவையனைத்தையும் மனனஞ் செய்தல் வீண் முயற்சி. வெள்ளைக்காய்க்குச் சிலவும் கருங்காய்க்குச் சிலவுமாகத் தம் இயல்புக்கு ஏற்றவற்றைத் தெரிந்து, அவற்றின் ஆழங் காணும்வரை ஆராய்வதே அவர் வழக்கம்.

மூன்றாவது ஒத்திகை. ஆராய்ந்து கண்ட புதுமையை நேரே களத்துக்குக் கொண்டு செல்லாது, நம்பிக்கைக்குரிய தோழர் ஒருவருடன் தனியறையில் ஆடிச் சோதிப்பார். அவ்வாட்டங்கள் வெளியே தெரியாதவாறு காக்கப்பட்டன. ரகோசின் என்பவர் இவ்வகையில் அவருக்கு நெடுநாள் துணையாயிருந்தார். ஒத்திகையில் வெற்றி தோல்வியை அவர் பொருட்படுத்திலர். நேரம் போதாமல் இறுதியில் அவசரப்பட்டு இடர்ப்படும் குறை உடையார்க்கு அவர் கூறிய மருந்து மிக எளியது. ஒத்திகையாட்டங்களில் நகர்த்தலின் தரத்தைப் பாராது மணிக்கூட்டையே பார்த்து ஆடிப் பழகுக. பழக்கம் வேரூன்றியபின் நன்றாக ஆடத் தொடங்குக என்பதே அது. போட்டிக்கு ஐந்து நாட்களின் முன்னர் சதுரங்கத்தை முற்றாக விடுத்து மனத்துக்கு ஓய்வு அளிக்கவேண்டும் என்றும் விதித்தார். பசியுடையான் உணவை நாடுமாறு ஆட்டத்தை நாடும் நிலையிலேயே களம் புகவேண்டும் என்பது அதன் கருத்து.

நான்காவதும் தலையாயதும் தன்னாட்டத்தைத் தானே ஆராய்தல். ஆடி முடிந்த ஒவ்வோர் ஆட்டத்தையும் மீண்டும் பலகையில் வைத்து, எங்கே வழுவினேன், ஏன் வழுவினேன் என்று ஆராய்ந்து எழுதுவார். எழுதியதைத் தம் பெட்டியில் வைத்துக்கொள்ளாது அச்சிற் கொடுப்பார். தன் குற்றம் தனக்கு எளிதிற் புலனாகாது. பலரும் படித்து மறுப்புரைக்கும்போதே ஆராய்ச்சியின் பொய்ம்மை வெளிப்படும். அன்றியும், அச்சிடப்படும் என்னும் எண்ணமே ஆராய்பவனைச் சோம்பலினின்றும் தன்னலத்தினின்றும் காக்கும். நம் மாணாக்கர் பலர் திருத்திய விடைத்தாளைப் பெற்றவுடன் புள்ளியை மாத்திரம் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகின்றனர். சிவப்பு மையால் இட்ட கோடு எதனைச் சுட்டுகின்றது என்று நோக்குவார் நூற்றுக்கு ஒருவரும் இலர். பொட்வினிக் அந்தச் சிவப்புக் கோட்டையே பாடநூலாகக் கொண்டவர்.

இம்முறையின் பயனை விளக்கும் நிகழ்ச்சியொன்று உண்டு. 1940ஆம் ஆண்டு மொஸ்கோவில் நடந்த சோவியத் சம்பியன் போட்டியில் அவர் ஐந்தாம் ஆறாம் இடங்களுக்குத் தாழ்ந்தார். பார்வையாளர் எழுப்பிய ஆரவாரமும் புகையிலைப் புகையும் அவரது சிந்தையைக் கலைத்தன. மண்டபத்தைக் குறை கூறியதோடு அவர் அமைந்திலர். வீட்டிலே ரகோசினுடன் ஒத்திகை ஆடும்போது, வானொலியை உரக்க ஒலிக்கவிட்டு, அவரைப் புகைபிடிக்கவும் செய்து, அந்நிலையிலேயே ஆடிப் பழகினார். அடுத்த ஆண்டு, 1941இல், நாட்டின் முதல்வர் அறுவர் மோதிய போட்டியில், இரண்டாம் இடம் பெற்ற கெரெஸ் என்பவரிலும் 2½ புள்ளி மிகுதியாகப் பெற்று வென்றார்.

அவ்வாண்டே போர் மூண்டது. பொட்வினிக் யூரல் மலைப்புறத்திலுள்ள பேர்ம் என்னும் பகுதிக்குக் குடும்பத்துடன் பெயர்ந்து மின்னியற் பணியில் அமர்ந்தார். ஆடுதற்குப் போட்டிகள் இல்லாத அக்காலத்தில், மாலைவேளைகளில் 1941ஆம் ஆண்டுப் போட்டியின் ஆட்டங்களுக்கு விரிவான உரை எழுதினார். உலகச் சம்பியனாயிருந்த அலேகின் 1946இற் காலமாகவே, அவ்விடத்துக்கு உரியாரைத் தெரிதற்கு 1948இல் ஹேக் நகரிலும் மொஸ்கோவிலுமாக ஐவர் ஆடினர். பொட்வினிக் 20 ஆட்டங்களில் 14 புள்ளி பெற்று, அடுத்து நின்ற ஸ்மிஸ்லோவினும் மூன்று புள்ளி மேம்பட்டு, உலகச் சம்பியனானார்.

அதன்பின் மூன்றாண்டு பொதுப்போட்டி எதிலும் ஆடாது, கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கூரிய வாளும் உறையிற் கிடந்தால் துருப்பிடிக்கும் அன்றோ? 1951இல் புரொன்ஸ்டீன் என்னும் இளைஞர் அவரை எதிர்த்தபோது, 24 ஆட்டங்களில் 22 முடிந்த நிலையில் அவ்விளைஞரே ஒரு புள்ளி முன் நின்றார். அக்காலத்தில், குறித்த நேரத்துள் முடியாத ஆட்டத்தை நிறுத்தி, அடுத்த நகர்த்தலை உறையிலிட்டு ஒட்டி, மறுநாள் தொடர்வது மரபு. இருபத்து மூன்றாம் ஆட்டம் அவ்வாறு நின்றது. நிறுத்திய ஆட்டத்தை இரவிருந்து ஆராய்வதில் பொட்வினிக்குக்கு நிகராவார் அரியர். மறுநாள் அவ்வாட்டத்தை அவர் வென்றார், இறுதியாட்டம் சமநிலையாயிற்று. 12க்கு 12 என முடியவே பட்டம் அவரிடமே தங்கியது.

அவரது மனவலிமையின் எல்லையைக் காட்டியவை தோல்விகளே. 1957இல் ஸ்மிஸ்லோவிடம் 9½க்கு 12½ எனத் தோற்றுப் பட்டத்தை இழந்தார். தோற்ற சம்பியன் ஓராண்டுள் மீண்டும் ஆடலாம் என்பது அன்றைய விதி. அவ்வாண்டு முழுவதையும் அவர் தம் பிழைகளை ஆராய்வதிற் கழித்தார். 1958இல் அவர் அதுவரை பெரிதும் ஆடாத காப்பு முறையொன்றைக் கைக்கொண்டு, முதல் மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, பட்டத்தை மீட்டார். 1960இல் தால் என்னும் இருபத்து மூன்று வயதுக் காளை வந்தார். காய்களைத் துணிந்து பலிகொடுத்துப் புயலெனத் தாக்கிய அவர் முன், மூத்தவர் 8½க்கு 12½ என வீழ்ந்தார். அவருக்கு முதுமை வந்துவிட்டது எனப் பலரும் கருதினர். ஆனால் 1961இல், ஐம்பதை அணுகிய வயதில், அவர் தாலின் ஆட்டத்தை நுணுகி ஆராய்ந்து வந்திருந்தார். தாக்குதலுக்கு வெளி கிடையாத நிலைகளையும், அரசிகள் களத்தினின்றும் நீங்கிய நிலைகளையும் வேண்டி உண்டாக்கினார். 13க்கு 8 என வென்றார். தால் நோயால் வருந்தினார் என்பதும் உண்மை. எனினும் அவ்வெற்றி நோயினால் மாத்திரம் வந்ததன்று.

முறை எத்துணைச் சிறந்ததாயினும் காலத்தை வெல்லாது. 1963இல் பெற்றோசியனிடம் தோற்றபோது, மீண்டும் ஆடும் உரிமை விதியினின்றும் நீக்கப்பட்டிருந்தது. 1970இல் அவர் போட்டியாட்டத்தை விடுத்தார். குறைகளும் அவர்பால் இல்லாமலில்லை. தம் ஆராய்ச்சி பிறர்க்குப் போய்விடுமோ என்னும் ஐயம் அவரை உடனிருந்தாரையும் நம்பாதவராக்கியதுண்டு. சிலரோடு கொண்ட பகை பல்லாண்டு நீடித்தது. சதுரங்கம் ஆடும் கணினியை அமைக்கப் பிற்காலத்தில் நெடிது உழைத்தும், அம்முயற்சி எண்ணிய பயனைத் தரவில்லை.

ஆயினும் அவர் முறை அவரோடு மறையவில்லை. சிறுவர்க்கென அவர் நடத்திய பள்ளியிற் பயின்றோருள் கர்ப்போவ், கஸ்பரோவ், கிராம்னிக் என்னும் மூவர் பின்னர் உலகச் சம்பியன்களாயினர். அப்பள்ளியிலும் மாணாக்கர் முதலிற் செய்யவேண்டியது, தாம் ஆடிய ஆட்டங்களைக் கொணர்ந்து, அவற்றின் பிழைகளை ஆசிரியர்க்கும் உடன் பயில்வோர்க்கும் முன் ஆராய்ந்து காட்டுதலே. 1995ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, தமது எண்பத்து மூன்றாம் வயதில், பொட்வினிக் மொஸ்கோவிற் காலமானார்.

அவரிலும் விரைந்து சிந்திக்க வல்லோர் அக்காலத்தில் இருந்தனர். அவரிலும் அழகாக ஆடினாரும் இருந்தனர். தோல்வியுற்ற மறுநாளே பலகையின் முன் அமர்ந்து, தன் பிழையைத் தேடி, அதனை ஊரறிய எழுதிவைக்கும் துணிவில் அவரை ஒப்பார் மிகச் சிலரே. அத்துணிவுக்குப் பிறவி மேதை வேண்டுவதில்லை. ஒரு குறிப்புப் புத்தகமும் நேர்மையான மனமும் போதும். கற்கும் துறை எதுவாயினும் ஆகுக. இவ்விரண்டும் உடையான் நேற்றினும் இன்று ஓரடி முன்னே நிற்பான் என்பது திண்ணம்.