பாகவதருக்குப் போட்டியாக வந்த பாகவதர்

ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு 18 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2023இல் புதிய சொந்தப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. பின்னர் ஊர் ஊராகக் கச்சேரியும் நடத்தியது. அச்செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவில் எழுந்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

1910இல் மாயவரத்தில் பிறந்து, நாடக மேடையில் வளர்ந்து, 1934இல் ‘பவளக்கொடி’ மூலம் திரைக்கு வந்தவர். அடுத்த பத்தாண்டுகளில் ஒன்பது படங்கள். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

மீண்டும் பாட வந்தார். கச்சேரி மேடைகள் அவரைக் கைவிடவில்லை. ஆனால் சொந்தத் தயாரிப்பாகப் புனேயில் எடுத்த ‘ராஜமுக்தி’ (1948) தோற்றது. ‘அமரகவி’, ‘சியாமளா’ (1952), அவரே இயக்கிய ‘புதுவாழ்வு’ (1957) ஆகியவையும் பழைய வெற்றியைத் தரவில்லை.

சிறை அவர் மனத்தை ஒடித்தது என்பதே வழக்கமான விளக்கம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அது எனக்குப் போதவில்லை. அவருடன் விடுதலையான கலைவாணர் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என வெற்றியோடு மீண்டாரே! கலைவாணரின் முதலீடு பேச்சு. புதிய திரையுலகம் தேடியதும் பேச்சையே. ‘அமரகவி’ வெளியான அதே 1952இல்தான் ‘பராசக்தி’யும் வந்தது. மேலும், ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிலில் கண்ட வேலைப் பிரிவினை அதற்குள் படப்பிடிப்புத் தளத்துக்கும் வந்துவிட்டிருந்தது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதால் நடிப்பவர் பாடத் தேவையில்லாமல் போயிற்று. பாகவதரின் பாணியைப் பின்பற்றித் தொடங்கிய மதுரை டி.எம். சௌந்தரராஜன் 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்காகப் பாடினார்.

இன்னொரு காரணத்தை எங்கள் மல்லாங்கிணறே எனக்குக் காட்டியது. 1960களின் பிற்பகுதியில், மழை பொய்த்த ஆண்டிலும், கல்யாண வீடுகளில் வேப்பமரத்தில் குழாய் கட்டி இசைத்தட்டு சுழற்றுவார்கள். பாகவதர் பாடல் உண்டு. அது ‘சிவகவி’யாகவோ ‘ஹரிதாஸா’கவோதான் இருக்கும். இசைத்தட்டு எளிதில் அழியாத பொருள். நீடித்து உழைக்கும் பொருளை விற்பவன் நாளடைவில் தன் பழைய சரக்கோடே போட்டியிட நேர்கிறது. 1943ஆம் ஆண்டுக் குரல் வீட்டிலேயே கிடைக்கும்போது 1952இன் குரலுக்கு ஏன் புதிதாகச் செலவிட வேண்டும்? கச்சேரிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கே மக்கள் அவரை நேரில் காணவும் பழைய பாட்டைக் கேட்கவும் சென்றனர். புதிய பாடல்களில் குறை இருந்ததாக நான் கருதவில்லை. ‘அமரகவி’யை இன்றும் விரும்பிக் கேட்கிறேன்.

நீரிழிவு முற்றிக் கண்பார்வை மங்கிய நிலையிலும் பாடுவதை அவர் நிறுத்தவில்லை. 1959 நவம்பர் 1 அன்று, 49ஆம் வயதில், சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். அவர் கடைசியாக நடித்த ‘சிவகாமி’ மறு ஆண்டுதான் திரைக்கு வந்தது.