கண் ஆபரேஷனில் வலி போனது எப்படி? கார்ல் கோலரின் கதை

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கண்புரை ஆபரேஷன் முடிந்த தாத்தா பாட்டிகள் கறுப்புக் கண்ணாடியோடு அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்க்கலாம். முழு மயக்கம் தேவையில்லை. பலருக்குச் சில சொட்டு மருந்தே போதும். கண் மட்டும் மரத்துப்போகும். இதற்கு வழிகாட்டியவர் கார்ல் கோலர்.

கண்ணுக்கு ஏன் தனி மருந்து?

சென்னையின் அரசு கண் மருத்துவமனை 1819-ல் ராயப்பேட்டையில் தொடங்கி, பிறகு எழும்பூருக்கு மாறியது. அது தொடங்கி 65 வருஷம் வரை, கண்ணை மட்டும் மரக்கவைக்கும் மருந்து உலகில் எங்கேயும் புழக்கத்தில் இல்லை. 1847-ல் குளோரோஃபார்ம் வந்தது. ஆனால் மயக்கம் தெளியும்போது நோயாளி வாந்தி எடுப்பார். அன்றைக்குக் கண்ணில் தையல் போடுவது அபூர்வம். முக்கி வாந்தி எடுத்தால் புதுக் காயம் பிளந்து, பார்வையே போய்விடும் ஆபத்து இருந்தது.

தவளையில் தொடங்கிய சோதனை

கோலர் 1857-ல் இன்றைய செக் குடியரசில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னா பொது மருத்துவமனையில் இளம் டாக்டர். கண் மருத்துவப் பிரிவில் உதவியாளர் பதவி வாங்குவதே அவர் கனவு. மார்ஃபின் போன்ற மருந்துகளை விலங்குகளின் கண்ணில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அங்கே அவருடைய நண்பர் சிக்மண்ட் ஃப்ராய்ட். பின்னாளில் உளப்பகுப்பாய்வின் தந்தை என்று பெயர் வாங்கியவர். 1884-ல் ஃப்ராய்ட் கோகைனை ஆராய்ந்துகொண்டிருந்தார். கோகா இலையிலிருந்து பிரித்த இந்தப் பொருள் நாக்கை மரக்கச் செய்யும் என்பது 1860-லேயே தெரியும். ஆனால் அதைக் கண் ஆபரேஷனுக்குக் கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை. கோலருக்குத் தோன்றியது, ஏனென்றால் அவர் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான்.

முதலில் தவளையின் கண். அடுத்து முயல், நாய். கடைசியில் தன் கண்ணிலேயே சொட்டுவிட்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சியே இல்லை.

1884 செப்டம்பர் 15-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கண் மருத்துவர்கள் மாநாடு. அங்கே போக கோலரிடம் பணம் இல்லை. அவர் கட்டுரையை வேறொரு டாக்டர் வாசித்தார். சில வாரங்களிலேயே செய்தி அமெரிக்கா வரை போய்விட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

1885 ஜனவரியில் சக மருத்துவர் ஒருவர் கோலரின் யூதப் பிறப்பைச் சொல்லித் திட்டினார். கோலர் அறைந்துவிட்டார். விஷயம் வாள் சண்டை வரை போனது. எதிராளிக்குத்தான் காயம். ஆனால் கோலர் ஆசைப்பட்ட பதவி கடைசி வரை கிடைக்கவில்லை. ஊரை விட்டே கிளம்பினார். நெதர்லாந்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1888-ல் நியூயார்க் போய் கண் டாக்டராகவே வாழ்ந்தார். 1922-ல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் பதக்கம் தந்தது. நோபல் வரவில்லை. 1944-ல், 86 வயதில் காலமானார்.

கோகைன் போதைக்கு அடிமையாக்கும் என்பது சீக்கிரமே தெரிந்தது. 1905-ல் புரோகைன், 1940-களில் லிக்னோகைன் என்று மாற்று மருந்துகள் வந்தன. பல் பிடுங்கும் முன் ஈறில் போடும் ஊசியும் இந்த வழியில் வந்ததுதான். இந்த மருந்துகள் எதிலும் கோலரின் பெயர் இல்லை. அவர் சொட்டுவிட்ட கோகைனின் வால் மட்டும், அந்தக் 'கைன்', ஒவ்வொரு பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.